அங்குலத்துக்குப் பன்னிரண்டு கண்ணி

மூத்தவளுக்கு அந்த வீட்டில் 'செக்கிங்' என்று ஒரு பெயர் உண்டு. வைத்தது அவள் புருஷன். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் அவருக்கு இன்றுவரை வரவில்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் செக்கிங் பிரிவில் முப்பது வருஷம் உட்கார்ந்து, நாளைக்கு நானூறு சட்டை வீதம், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை பார்த்தவள் அவள். பித்தான் ஒரு நூல் தள்ளியிருந்தால் சட்டை திரும்பிப் போகும். தைத்தவள் அழுதுகொண்டு வந்து நின்றாலும் போகும். ஓய்வு பெற்ற அன்று தொழிற்சாலை ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. அது நாளுக்கு இரண்டு நிமிஷம் பின்தங்குகிறது என்று மறு வாரமே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். வேலைதான் ஓய்ந்தது, கண் ஓயவில்லை.

அந்தக் கண்ணுக்கு வீட்டில் வசமாக அகப்பட்டவள் ஓரகத்தி. கொழுந்தன் அவளைக் கட்டிக்கொண்டு வந்த மூன்றாம் வாரம், போர்வை மூலைக்கு மூலை சேராமல் மடித்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்து, "என்னடி இது, ஏனோதானோன்னு?" என்றாள் மூத்தவள். அன்று முதல் இளையவளுக்கு ஏனோதானோ என்றே பெயர் நிலைத்துவிட்டது. இந்தப் பெயரை மட்டும் முகத்துக்கு நேரேதான் சொன்னார்கள். மாடியில் குடியிருந்த அவளும் "என்னக்கா?" என்று சிரித்துக்கொண்டே இறங்கி வருவாள். சொரணை கெட்ட ஜென்மம் என்பது மூத்தவளின் தீர்ப்பு. சொரணை வரட்டும் என்று பதினான்கு வருஷமாகத் தினமும் திட்டியும் பார்த்துவிட்டாள்.

ஓய்வுக்குப் பிறகு சனிக்கிழமைகளில் போவதற்கு அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது. நூலகத்து மாடியில் கூடும் பழங்கால ஊசிவேலைக் குழு. எப்போதோ செத்துப்போனவர்கள் பின்னியதையும் தைத்ததையும், அதே நூல் அதே ஊசி என்று மறுபடி கையால் செய்து பார்ப்பது அவர்கள் வேலை. உயிரோடு இருப்பவர்களுக்குக் கிழிந்த சட்டை தைத்துக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள், ஒருத்தர் வரமாட்டார்கள். அதில் ஒரு பல் டாக்டர், அந்தக் காலத்தில் மின்விளக்கு ஏது என்று மெழுகுவத்தி வெளிச்சத்தில் காலுறை பின்னுவார். அதைப் படமெடுத்துப் போட மட்டும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய விளக்கு வைத்துக்கொள்வார். ஒரு கணக்கு டீச்சர், ஆட்டு ரோமத்தைத் தானே கழுவி, தானே நூற்று, எட்டு வருஷமாக ஒரு கையுறையின் கட்டைவிரலைத் தாண்டாமல் இருக்கிறார். கேட்டால், "அவசரம் இந்தக் காலத்து வியாதி" என்பார். மூத்தவள் முதல் நாளே எல்லோரையும் எடை போட்டுவிட்டாள். கண்ணி என்பது பின்னலின் ஒற்றை வளையம். டாக்டர் கண்ணி இறுக்கம், டீச்சர் கண்ணி தொளதொளப்பு, மற்றவர்களுடையது பேசவே லாயக்கில்லை. இருந்தாலும் விடாமல் போனாள். குறை சொல்ல இத்தனை பேர் ஒரே அறையில் கிடைப்பதும், சொன்னதற்கு அவர்கள் நன்றி சொல்வதும் தொழிற்சாலையில்கூடக் கிடைக்காத பாக்கியம்.

ஒரு சனிக்கிழமை அருங்காட்சியகத்துத் துணிப்பிரிவு அதிகாரி வந்தார். எந்நேரமும் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டிருப்பதால் குழுவில் அவருக்குக் கையுறை அம்மா என்று பெயர். நாணயப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. துணியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதை வெறுங்கையால் தொடக்கூடாது என்பதுதான். பழைய கிடங்கு ஒன்றின் மரத்தளத்தைப் பெயர்த்தபோது பலகைக்கு அடியில் ஒரு கம்பளிக் குல்லா கிடைத்ததாம். முந்நூறு வருஷத்துப் பழசு, மூட்டை தூக்கியவன் யாரோ போட்டுக்கொண்டது. அதன் நகலைக் குழுவினர் ஆளுக்கொன்று செய்ய வேண்டும். சிறந்த நகல் கண்ணாடிப் பெட்டிக்குள் அசலுக்குப் பக்கத்தில் நிரந்தரமாக இருக்கும். அதன் கீழே செய்தவர் பெயர் எழுதிய அட்டையும் இருக்கும்.

பெயர் என்றதும் மூத்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முப்பது வருஷம் அவள் கை படாமல் ஒரு சட்டை வெளியே போனதில்லை. சட்டைக் கழுத்தில் கம்பெனி பெயர் இருக்கும். பைக்குள் கிடக்கும் துண்டுச்சீட்டில் 'செக்கர் 7' என்று இருக்கும், வாங்கியவன் அதைக் கசக்கி எறிவான். அவ்வளவுதான் அவள் சம்பாதித்த பேர். அந்த அட்டை தனக்கு வேண்டும் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது போல வாழ்க்கையில் வேறு எதற்கும் தோன்றியதில்லை.

குல்லாவை அளக்கும் பொறுப்பும் அவளுக்கே வந்தது. கண் அப்படி. லென்ஸை வைத்து மூன்று மணி நேரம் பார்த்தாள். கண்ணிகள் பிசிறுக்கு அடியில் மூழ்கிக் கிடந்தன, ஒவ்வொன்றாகத் தேடித்தான் எண்ண வேண்டியிருந்தது. "முந்நூறு வருஷத் தேய்மானம், பிசிறு கிளம்பாம என்ன பண்ணும்?" என்றாள். கையுறை அம்மா பயபக்தியோடு அதை எழுதிக்கொண்டார். விளிம்பு இருபத்திரண்டு அங்குலம். அங்குலத்துக்குப் பன்னிரண்டு கண்ணி. ஆக ஒரு சுற்றுக்கு இருநூற்று அறுபத்து நான்கு.

அருங்காட்சியகம் கொடுத்த நூலோ தடித்த பழுப்புக் கம்பளி. அதில் அங்குலத்துக்குப் பன்னிரண்டு கண்ணி வர வேண்டுமானால், சைக்கிள் சக்கரக் கம்பியைவிட ஒல்லியான ஊசி வேண்டும். டாக்டரின் ஊசி மூன்றாம் சுற்றில் வளைந்தது. டீச்சர், "இது மனுஷன் பின்னினதே இல்லை" என்று கையுறையின் கட்டைவிரலுக்கே திரும்பிப் போனார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மூத்தவள் விடவில்லை. ஒரு நாளைக்கு ஒரு சுற்று முடிந்தால் அதிகம். பல நாள் முடிந்த சுற்றையும் பிரிப்பாள். மணிக்கட்டு வீங்கியது. பதினோரு மாதத்தில் மூக்குக்கண்ணாடியை இரண்டு தடவை மாற்றினாள். புருஷன் தன் சாப்பாட்டைத் தானே சூடு பண்ணிக்கொள்ளப் பழகிவிட்டார். அதில் அவருக்கு ஒரு நிம்மதியும் இருந்தது, சூடு போதவில்லை என்று குறை சொல்ல ஆளில்லையே.

குல்லா முடிந்தது. மேசையில் வைத்தால் 'டொக்'கென்று சத்தம் கேட்கும், அவ்வளவு விறைப்பு. ஒரு கண்ணி பிசகவில்லை. ஒரே ஒரு குறை, அசலில் இருந்த பிசிறு இதில் இல்லை. தேய்மானத்தையும் சேர்த்துத்தானே நகலெடுக்க வேண்டும் என்று, சட்டைக் காலர் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்து இரண்டு வாரம் தேய்த்துப் பிசிறு கிளப்பினாள். முந்நூறு வருஷத்தைப் பதினைந்து நாளில் முடித்த கெட்டிக்காரி.

இதற்கு நடுவே ஏனோதானோவும் குழுவில் சேர்ந்திருந்தாள். "நானும் வரட்டுமாக்கா? நூல் மிச்சம் இருக்குன்னாங்களே" என்றாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்துக்கொண்டே மூத்தவள் கண்ணிக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். இளையவள் கடையில் கிடைத்த தடித்த ஊசியை வாங்கி, வானொலியைப் போட்டுவிட்டு, ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் பின்னலிலுமாக, ஒன்றரை மாதத்தில் முடித்துவிட்டாள். கண்ணி என்னவோ அதே இருநூற்று அறுபத்து நான்குதான். ஆனால் வந்தது வாளி அளவுக்கு ஒரு குல்லா. மூத்தவள் அதைத் தன் புருஷன் தலையில் கவிழ்த்துக் காட்டினாள். தோள்வரை இறங்கியது. கொழுந்தன் சிரித்தான், பிள்ளைகள் சிரித்தார்கள். அது போதாது என்று சனிக்கிழமை குழுவுக்கும் தூக்கிக்கொண்டு போனாள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது. டாக்டர் தன் இரண்டு விளக்கையும் போட்டுப் படமெடுத்தார். இளையவளும் சிரித்தாள், எல்லோருக்கும் கொஞ்சம் பின்னால்.

சிறந்த நகலைத் தேர்ந்தெடுக்கும் சனிக்கிழமைக்கு முந்தின புதன்கிழமை. மாடியிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது என்று சண்டைக்குத் தயாராக ஏறிப் போனாள் மூத்தவள். குளியலறையில் பெரிய தொட்டி, ஆவி பறக்கும் சோப்புத் தண்ணீர். இளையவள் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு அதற்குள் நின்று மிதித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"குல்லாவைச் சுருக்குறேன்க்கா. நேத்து ரெண்டு தடவை மிதிச்சேன், இன்னிக்கு ரெண்டு தடவை. பாதி வந்துடுச்சு."

"யார் சொன்னா உனக்கு இதை?"

"யாரும் சொல்லலக்கா. கல்யாணமான புதுசுல அவரோட கம்பளிச் சட்டையை வெந்நீர்ல ஊறப்போட்டேனே, ஞாபகம் இருக்கா? குழந்தைச் சட்டை மாதிரி ஆயிடுச்சு. மூணு நாள் திட்டினீங்க." இளையவள் கால் மாற்றி மிதித்தாள். "ஆனா அந்தச் சட்டை மேல தண்ணி ஊத்தினா உள்ள இறங்கவே இல்லக்கா. அப்பவே பார்த்து வச்சேன். மூட்டை தூக்குறவன் மழையில நிக்கிறவன். அவனுக்கு இப்படித்தான் பண்ணிக் கொடுத்திருப்பாங்கன்னு தோணுச்சு."

"தோணும் தோணும்" என்றாள் மூத்தவள். ஒழுகலைப் பற்றிக் கேட்க மறந்து கீழே இறங்கி வந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை இளையவள் குல்லாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கவிழ்த்த பாத்திரத்தின் மேல் போட்டுக் காய வைத்திருந்தாள். மூத்தவள் வழக்கம் போல உதட்டைப் பிதுக்கிக்கொண்டுதான் நாடாவை எடுத்தாள். விளிம்பு இருபத்திரண்டு அங்குலம். லென்ஸை வைத்தாள். கண்ணிகள் பிசிறுக்கு அடியில் மூழ்கிக் கிடந்தன, தேடித்தான் எண்ண வேண்டியிருந்தது. அங்குலத்துக்குப் பன்னிரண்டு. இன்னொரு இடத்தில் எண்ணினாள். அங்கேயும் பன்னிரண்டு. டம்ளரிலிருந்து நாலு சொட்டு விட்டுப் பார்த்தாள். நாலும் முத்து முத்தாக மேலேயே நின்றன. தன்னுடையதன் மேல் விட்டாள். நாலும் உள்ளே போயின.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? அவள் அளந்தது பின்னிய குல்லாவை அல்ல, சுருங்கிய குல்லாவை. பெரிதாகப் பின்னி, மிதித்துச் சுருக்கிய ஒன்றின் முடிந்த அளவை எடுத்துக்கொண்டு, அதையே பின்னுகிற அளவு என்று நம்பிப் பதினோரு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தாள். முந்நூறு வருஷத் தேய்மானம் என்று அவள் அதிகாரியிடம் சொன்னது குல்லா செய்த அன்றே மிதித்து வரவழைத்த பிசிறு. காலர் பிரஷ் நினைவுக்கு வந்தது. வெட்கம் என்பது எப்படி இருக்கும் என்று ஐம்பத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டாள்.

"எப்படிக்கா இருக்கு?" என்றாள் இளையவள். "நாளைக்கு எடுத்துட்டு வரலாமா?"

மூத்தவள் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் அட்டையில் எழுதப்போகிற பெயர் எதுவென்றும் அவளுக்குத் தெரியும்.

"கண்ணியே தெரியலையேடி. பின்னலைக் கொன்னு வச்சிருக்கே" என்றாள். "அடுப்படித் துணி மாதிரி இருக்கு. இதை அங்க கொண்டுவந்து வச்சா என் மானம்தான் போகும்."

"அப்படியாக்கா?" இளையவள் குல்லாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அந்தக் கொலை எங்கே நடந்தது என்று தேடுவதைப் போல. "சரிக்கா" என்று மடித்துக்கொண்டு மாடிக்குப் போனாள். முழுப் பூசணிக்காய் அவ்வளவு சுலபமாகச் சோற்றுக்குள் போயிற்று.

மறுநாள் கையுறை அம்மா நாடாவை வைத்து அளந்தார், லென்ஸை வைத்து எண்ணினார், கண் கலங்கினார். போட்டிக்கு வேறு குல்லா எதுவும் வரவில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கைதட்டினார்கள். அந்தக் காலத்து மனிதர்களின் பொறுமையைப் பற்றி டாக்டர் கால் மணி நேரம் பேசினார். அந்தக் காலத்து மனிதன் எவனாவது கேட்டிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பான். குல்லா பெட்டிக்குள் போனது. முதல் வாரத்திலேயே மூத்தவள் நாலு தடவை போய் அட்டையைப் பார்த்துவிட்டு வந்தாள். எழுத்துப்பிழை இல்லை, அட்டை நேராக இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. அதிலும் அவளுக்கு என்னவோ சந்தோஷம் வரவில்லை. கையுறை அம்மாவின் ஏற்பாட்டில் சனிக்கிழமைகளில் அவளே வகுப்பு எடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அங்குலத்துக்குப் பன்னிரண்டு கண்ணி பின்னுவது எப்படி? பதினொரு பேர், தங்கள் கண்ணைப் பிடுங்கிக்கொள்ள ஆசைப்பட்டுப் பெயர் கொடுத்தார்கள்.

அந்த வாரமே இளையவள் கீழே வந்து இரண்டு சதுரத் துண்டுகளை நீட்டினாள். "அடுப்படித் துணி மாதிரின்னு சொன்னீங்கல்லக்கா, நல்ல யோசனைதான். குல்லாவை நாலா வெட்டிட்டேன். ரெண்டு உங்களுக்கு." பின்னிய துணியை வெட்டினால் கண்ணி கழன்று ஓடும். இதில் ஒன்றும் ஓடவில்லை, ஓரம் தைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மூத்தவள் அதைக் கொண்டுதான் தினமும் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கினாள். எவ்வளவு கொதித்தாலும் விரலுக்குச் சூடு வரவில்லை. புருஷன் ஒருநாள், "இது எங்க வாங்கினது? பிரமாதமா இருக்கே" என்றார். அன்றைக்கு அவருக்கு விழுந்த திட்டுக்குக் காரணம் அவருக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு மாதம் போனது. மாடியில் வானொலிச் சத்தம் கேட்பதில்லை என்பது மூத்தவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. ஒரு மத்தியானம், அடுப்படியிலிருந்து அப்படியே, கையில் அந்தப் பிடிதுணியோடு ஏறிப் போனாள்.

ஜன்னலோரம் இளையவள் உட்கார்ந்திருந்தாள். மூக்கில் புதுக் கண்ணாடி. இரண்டு விரலில் கட்டு. கையில் சைக்கிள் கம்பியைவிட ஒல்லியான ஊசிகள், பழுப்பு நூல். மூத்தவளைப் பார்த்ததும், தப்புச் செய்து மாட்டிக்கொண்டவளைப் போல எழுந்தாள்.

"முடிச்சிட்டுக் காட்டலாம்னு இருந்தேன்க்கா. நாலு தடவை பிரிச்சாச்சு. உங்க பெட்டியைப் போய்ப் பார்த்துட்டு வந்தேன். ஒரு தடவையாவது உங்களை மாதிரி ஒழுங்கா ஒண்ணு செஞ்சு பார்க்கணும்னு ஆசை."

"விடுடி இதை. கண்ணு போயிடும்."

"உங்களுக்குப் போகலையே."

மூத்தவள் வாங்கி லென்ஸ் இல்லாமலே பார்த்தாள். ஏழு சுற்று முடிந்திருந்தது. எங்கேயாவது ஒரு பிசகு இருந்தால் அதைச் சாக்கிட்டுப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று தேடினாள். இல்லை. ஏனோதானோ இவ்வளவு சுத்தமாகப் பின்னுவாள் என்று யார் கண்டது? கையிலிருந்த பிடிதுணியை நூலின் மேல் போட்டாள்.

"இதுதான்டி சரி. நீ மிதிச்சுப் பண்ணினதுதான் அந்தக் காலத்துக் குல்லா. என்னுது தப்பு. முழுத் தப்பு."

இளையவள் துணியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "போதும்க்கா. நான் ஒண்ணும் வருத்தப்படல."

"அன்னிக்கு உன்கிட்ட நான் பொய் சொன்னேன்."

"நீங்களா?" இளையவள் கண்ணீரோடு சிரித்தாள். "தச்சவ அழுதுக்கிட்டு நின்னாக்கூட விடமாட்டீங்கன்னு உங்க வீட்டுக்காரர் சொல்வாரு. என்கிட்டப் போய்ப் பொய் சொல்வீங்களா? என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு இப்பதான் சொல்றீங்க."

"அளந்து பாரு. நாடா எங்க? அங்குலத்துக்குப் பன்னிரண்டு வரும்."

"நான் என்னத்தை அளக்கிறது? நீங்க பார்த்துச் சொன்னாத்தானே எனக்கு எதுவும் தெரியும்." அவள் பிடிதுணியை எடுத்து, மூலைக்கு மூலை சரியாகச் சேர்த்து மடித்து, மூத்தவள் கையில் வைத்தாள். "பதினாலு வருஷமா என்னை ஒரு வார்த்தை நல்லாச் சொன்னதில்ல. மத்தவங்க முகத்துக்காகச் சொல்வாங்க, நீங்க சொல்ல மாட்டீங்க. அதனாலதான் நீங்க சொல்றதை நான் அப்படியே நம்புவேன். நீங்களும் இப்படி ஆரம்பிச்சுட்டா நான் யாரைக்கா நம்புறது?"

மூத்தவள் கையுறை அம்மாவிடம் போய்ச் சொல்லலாம், அருங்காட்சியகம் ஐந்து மணிவரை திறந்திருக்கும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டு நின்றாள்.

"வெளிச்சத்தை மறைக்கிறீங்கக்கா" என்றாள் இளையவள் பிரியமாக. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஊசியைக் கையில் எடுத்தாள். பேச்சில் கணக்கு விட்டுப்போயிருந்தது. குனிந்து, உதடு அசைய, ஒன்றிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தாள்.